கருமியின் நெஞ்சில் ஈரம்



கருமி, கஞ்சன், எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன் என்று, பணத்தை இறுக்கிப் பிடிப்பவனுக்கு நம் மொழியில் எத்தனையோ பெயர்கள் உண்டு. இத்தகைய ஒருவர் ஒவ்வோர் ஊரிலும் இருப்பார். லயத்தின் கோடி வீட்டில் தனியே வாழ்வார். யாரோடும் சிரித்துப் பேசமாட்டார். பந்து அவர் வாசலில் விழுந்தால் எடுத்து வரப் பிள்ளைகள் அஞ்சுவார்கள். அவரைப் பற்றி நாம் ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறோம். ஒரு முறை முடிவு செய்துவிட்டால் மறுபடியும் அவரை ஏறிட்டுப் பார்ப்பதில்லை.

இன்றைய உரையில் அப்படிப்பட்ட ஒரு கருமியைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அவர் மனிதர் அல்லர். படக்கதையில் வரும் ஒரு கிழட்டு வாத்து. தலையில் உயரமான கறுப்புத் தொப்பி, அலகின் மேல் மூக்குக் கண்ணாடி, கையில் ஊன்றுகோல். பெயர் ஸ்குரூஜ் மெக்டக். உலகத்திலேயே பெரிய பணக்காரர். அதே அளவுக்குப் பெரிய கஞ்சர். யாருக்கும் பிடிக்காதவராகப் பிறந்த இவர், எப்படிக் கோடிக்கணக்கான வாசகர்களின் அன்புக்கு உரியவரானார்? இந்த வரலாறு சுவையானது. நமக்குப் பயன் தரக்கூடியதும்கூட.

“கல்வி உரையில் கோமிக் கதையா?” என்று பெற்றோர் சிலர் கேட்கலாம். பாடப் புத்தகத்துக்குள் படக்கதையை ஒளித்து வைத்துப் படிக்கும் பிள்ளையின் காதைத் திருகுகிறவர்கள்தாமே நாம்! ஆசிரியர்களும் அதற்கு விலக்கல்ல. ஆனால் ஒரு மனிதனை எப்படிப் பார்க்க வேண்டும் என்பதை ஒரு நல்ல படக்கதையும் கற்பிக்கும். கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதலில் அந்தப் பெயர் வந்த கதையைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பெரும் எழுத்தாளரான சார்லஸ் டிக்கன்ஸ், 1843ஆம் ஆண்டில் கிறிஸ்துமஸ் கதை ஒன்றை வெளியிட்டார். அதில் வரும் கருமியின் பெயர் எபினேசர் ஸ்குரூஜ். தம்மிடம் வேலை செய்யும் எழுத்தர் குளிரில் நடுங்கினாலும் அடுப்புக்கு ஒரு கரித்துண்டு கூடுதலாகக் கொடுக்க மனமில்லாதவர் அவர். ஒரே இரவில் மூன்று ஆவிகள் வந்து அவருடைய கடந்த காலத்தையும் நிகழ்காலத்தையும் எதிர்காலத்தையும் காட்டுகின்றன. மறுநாள் காலையில் அவர் முற்றிலும் புதிய மனிதராக எழுந்திருக்கிறார்.

டிக்கன்சுக்கு வறுமை புத்தகத்தில் படித்த செய்தி அன்று. 1824இல் அவருடைய தந்தை கடனுக்காகச் சிறைக்குப் போனார். பன்னிரண்டு வயதுப் பையனான டிக்கன்ஸ், காலணிக்குப் பூசும் மை தயாரிக்கும் இடத்தில் கூலி வேலை செய்தார். பணத்துக்கு மனிதனைக் கல்லாக்கும் ஆற்றல் உண்டு என்பதை அவர் அனுபவத்தில் அறிந்திருந்தார்.

அந்தக் கதை வெளிவந்து நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, ஸ்குரூஜ் என்ற பெயரை எடுத்து ஒரு வாத்துக்குச் சூட்டியவர் கார்ல் பார்க்ஸ் என்ற அமெரிக்கர். அவருடைய வாழ்க்கையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில், அந்தக் கருமியின் நெஞ்சில் ஈரம் எங்கிருந்து வந்தது என்பதற்கான விடை அங்கேதான் இருக்கிறது.

பார்க்ஸ் 1901ஆம் ஆண்டில், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அக்கம்பக்கத்தில் வீடுகள் குறைவு. விளையாட்டுத் தோழர்கள் இல்லை. சிறு வயதிலேயே காது மந்தமாகத் தொடங்கிற்று. 1916இல் தாயார் இறந்தார். அத்தோடு பள்ளிப் படிப்பும் நின்றுபோயிற்று. பிறகு அவர் செய்யாத வேலை இல்லை எனலாம். வயலில் உழைத்தார்; மரம் வெட்டினார்; கோவேறு கழுதைகளை ஓட்டினார்; அச்சகத்தில் வேலை செய்தார்; இரயில் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் பட்டறையில் பல ஆண்டுகள் பாடுபட்டார். அங்கெல்லாம் தம்மோடு உழைத்தவர்கள் கடுமையான வாழ்க்கையிலும் சிரிக்கத் தெரிந்தவர்களாக இருந்தார்கள் என்றும், அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் அவர்கள் மனம் உடைந்து போயிருப்பார்கள் என்றும் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்தார்.

ஓவியம் வரைவதை அவர் தாமாகவே பழகிக்கொண்டார். 1935இல் வால்ட் டிஸ்னியின் படக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். 1942இல் அதை விட்டு விலகி, டிஸ்னி மாந்தர்களைக் கொண்டு படக்கதைப் புத்தகங்களை வெளியிட்டு வந்த பதிப்பகத்துக்குக் கதை எழுதி வரைந்து கொடுக்கலானார். இத்தனை பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. அந்தப் புத்தகங்களில் வால்ட் டிஸ்னியின் பெயர் மட்டுமே இருக்கும். வரைந்தவர் பெயர் எங்கும் இருக்காது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள், தம் கதைகளை யார் படிக்கிறார்கள் என்று அவருக்கும் தெரியாது. யார் வரைகிறார் என்று வாசகர்களுக்கும் தெரியாது. ஆயினும் பிள்ளைகளின் கண் பொல்லாதது. கோடுகளைப் பார்த்தே, “இது அந்த நல்ல வாத்து ஓவியர் வரைந்தது” என்று பிரித்தறிந்தார்கள். 1960ஆம் ஆண்டு வாக்கில்தான் வாசகர் ஒருவர் முயன்று தேடி, அவருடைய பெயரைக் கண்டுபிடித்துக் கடிதம் எழுதினார்.

பெயரில்லாமல் உழைப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எத்தனையோ மலைகளை வெட்டித் திருத்திக் கன்று நட்டவர்களின் பெயர்கள் எந்தப் பலகையிலும் இல்லை. பார்க்ஸும் அப்படி உழைத்த ஒருவரே.

இனிக் கதைக்கு வருவோம். டொனால்ட் டக் என்ற வாத்தைப் பலரும் அறிந்திருப்பீர்கள். எதற்கெடுத்தாலும் கோபம் வரும். எந்த வேலையும் நிலைக்காது. அவனோடு அவன் சகோதரியின் மக்கள் ஹூயி, டூயி, லூயி என்ற மூன்று குட்டி வாத்துகளும் வாழ்கிறார்கள். 1947ஆம் ஆண்டு டிசம்பரில் வெளிவந்த ‘கரடி மலையில் கிறிஸ்துமஸ்’ என்ற கதைக்காக, டொனால்டுக்கு ஒரு பணக்கார உறவினர் தேவைப்பட்டார். அப்போது பிறந்தவரே ஸ்குரூஜ் மெக்டக். உறவு முறையில் அவர் டொனால்டின் தாயாருடைய அண்ணன். நம் வழக்கில் சொன்னால் தாய்மாமன்! தாய்மாமன் என்றால் நமக்கு எத்தனை பெரிய உறவு! முதல் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் மடியில் அமர்த்திக்கொள்பவர் அல்லவா? ஆனால் இந்தத் தாய்மாமனோ தம் மாளிகையில் தனியே உட்கார்ந்து, எல்லாரையும் வெறுத்துக்கொண்டிருக்கிறார். மருமகனுக்குத் துணிச்சல் உண்டா என்று சோதிப்பதற்காகத் தம் மலை வீட்டுக்கு அழைக்கிறார். தாமே கரடி வேடம் பூண்டு பயமுறுத்தப் புறப்படுகிறார். அங்கே உண்மைக் கரடியும் வந்துவிடக் குழப்பமாகிறது. கடைசியில் மருமகனைப் பெரிய வீரன் என்று தவறாக நம்பி, விருந்து வைக்கிறார்.

அந்தக் கதையில் ஸ்குரூஜுக்கு அதற்கு மேல் இடமில்லை. ஒரு கதைக்குப் பயன்பட்டுப் போக வேண்டிய துணைமாந்தர்தான் அவர். ஆனால் பார்க்ஸ் அவரை விடவில்லை.

அடுத்து நேர்ந்தது நல்ல மாற்றம் அன்று. 1949இல் வெளிவந்த ஒரு கதையில், இளமைக் காலத்தில் ஸ்குரூஜ் செய்த ஒரு கொடுமை வெளிப்படுகிறது. ஆப்பிரிக்காவில் ஒரு பழங்குடி மக்களின் நிலத்தின் மேல் ஆசைப்பட்டு, அடியாட்களைக் கூலிக்கு அமர்த்தி, அவர்களைத் துரத்திவிட்டு நிலத்தைப் பிடுங்கிக்கொண்டார் என்பதே அது. அக்காலத்துப் பழக்கப்படி அந்தக் கதையில் ஆப்பிரிக்க மக்களைக் கேலியாக வரைந்திருப்பதும் ஒரு குறையே. அதை நாம் மறைக்க வேண்டியதில்லை. நமக்கு இங்கே முக்கியமானது, கருமி என்பதோடு கொடியவர் என்ற பெயரும் ஸ்குரூஜுக்கு அப்போது சேர்ந்துவிட்டது என்பதே. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இதற்குத் திரும்பி வருவோம்.

1952இன் தொடக்கத்தில் வந்த மற்றொரு கதையின் பெயர் ‘குடிசைப் பகுதிக்கு ஒரு கிறிஸ்துமஸ்’. ஊரின் ஓரத்தில் ஏழைகள் வாழும் குடிசைகள். அங்குள்ள பிள்ளைகளுக்கு விருந்தும் ஒரு பொம்மை இரயிலும் கொடுக்க வேண்டும் என்று குட்டி வாத்துகள் ஆசைப்படுகிறார்கள். மொத்தம் ஐம்பது டாலர் வேண்டும். ஸ்குரூஜிடம் போய்க் கேட்டால், “சாப்பாட்டுக்கு வேண்டுமானால் பாதிப் பணம் தருகிறேன், மற்றப் பாதியை நீங்கள் சேர்த்து வந்தால்! விளையாட்டுச் சாமானுக்கு ஒரு காசுகூடக் கிடையாது” என்கிறார். பசித்தவனுக்குச் சோறு வேண்டும் என்பது அவருக்குப் புரிகிறது. ஏழைப் பிள்ளைக்கு மகிழ்ச்சியும் வேண்டும் என்பது மட்டும் புரியவில்லை. பிறகு, பணத்தின் பாரம் தாங்காமல் அவருடைய பணக் கிடங்கின் தரை உடைந்து, செல்வம் முழுவதும் ஆழமான பாதாளக் குகைக்குள் விழுந்துவிடுகிறது. கனமான எதையும் உள்ளே இறக்க முடியாது. அந்தப் பணத்தை மீட்டுக் கொண்டுவர உதவியது எது தெரியுமா? எதற்கும் உதவாது என்று அவர் இகழ்ந்த அந்தப் பொம்மை இரயிலே!

அதே 1952ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில், ஸ்குரூஜையே தலைமை மாந்தராகக் கொண்டு ஒரு தனிப் புத்தகம் வந்தது. அதன் பெயர் ‘வெறும் ஓர் ஏழைக் கிழவர்’. மலையளவு பணம் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைப்பு! அவருடைய பணத்தின் அளவைப் பார்க்ஸ் ‘மூன்று கன ஏக்கர்’ என்று குறிப்பிடுவார். ஏக்கர் என்பது நிலத்தின் பரப்பளவு. அதற்குக் கன அளவு ஏது? கணக்குப் படித்த பிள்ளைகள் உடனே சிரித்துவிடுவார்கள். அதுதான் அவருடைய நகைச்சுவை.

இந்தக் கதையில் ஸ்குரூஜ் தம் நாணயக் குவியலில் மீனைப் போல நீந்துகிறார். எலியைப் போல வளை தோண்டுகிறார். நாணயங்களை வாரி மேலே எறிந்து, தலையில் மழைபோலக் கொட்டச் செய்து மகிழ்கிறார். பார்க்கும் நமக்கு இது பேராசைக்காரனின் கூத்தாகத் தோன்றும். ஆனால் அவர் ஒவ்வொரு நாணயமாக எடுத்து, இது எந்த ஊரில், எந்த ஆண்டில், எப்படிப் பாடுபட்டுக் கிடைத்தது என்று சொல்லத் தொடங்குகிறார். அப்போது நமக்கு ஒன்று விளங்குகிறது. அவருக்கு அது வெறும் பணம் அன்று. தம் இளமைக் காலமே அங்கே குவிந்து கிடக்கிறது. ஒரு பழைய நாணயத்தைச் செலவு செய்வது என்றால், அவருக்குத் தம் வாழ்க்கையில் ஒரு நாளைக் கொடுத்துவிடுவது போல.

நம் வீடுகளிலும் இது உண்டு அல்லவா? தேய்ந்து மழுங்கிப்போன பால்கத்தியைத் தூக்கி எறிய விடாத பாட்டிமார் இருக்கிறார்கள். “துருப்பிடித்ததை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள்?” என்று பேரப்பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கத்தி எத்தனை பிள்ளைகளுக்குச் சோறு போட்டது என்பது அதைப் பிடித்த கைக்கு மட்டுமே தெரியும்.

இப்போது நம் கதையின் உச்சத்துக்கு வருகிறோம். 1953இல் வெளிவந்த ‘மீண்டும் குளோண்டைக்’ என்ற கதை அது. அதற்கு முன் உண்மை வரலாறு கொஞ்சம் சொல்ல வேண்டும். கனடாவின் வடமேற்கு மூலையில் குளோண்டைக் என்ற ஆறு ஓடுகிறது. அதில் சேரும் ஓர் ஓடையில் 1896ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தங்கம் கண்டுபிடிக்கப்பட்டது. செய்தி பரவியதும் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அங்கே புறப்பட்டார்கள். பனி மூடிய கணவாய்களைக் கடந்து போய்ச் சேர்ந்தவர்கள் முப்பதாயிரம் முதல் நாற்பதாயிரம் பேர் வரைதான். ஓர் ஆண்டுக்குத் தேவையான உணவும் பொருளும் இல்லாதவர்களைக் கனடா காவலர்கள் எல்லைக்குள் விடவில்லை. அது ஏறத்தாழ ஒரு டன் சுமை. அதைச் சிறிது சிறிதாக முதுகில் சுமந்து, ஒரே மலையை முப்பது நாற்பது முறை ஏறி இறங்கினார்கள். அங்கே தரை கல்லாக உறைந்திருக்கும். நெருப்பு மூட்டி உருக்கி, உருகிய மண்ணை மட்டும் தோண்டி எடுக்க வேண்டும். பெரும்பாலோர் வெறுங்கையோடு திரும்பினார்கள். ஸ்குரூஜ் தம் செல்வத்துக்கு அடிப்படை தேடியது அந்தப் பனிக்காட்டில்தான் என்று பார்க்ஸ் எழுதினார்.

கதை இதுதான். கிழவராகிவிட்ட ஸ்குரூஜுக்கு மறதி நோய் வருகிறது. மருத்துவர் மாத்திரை கொடுக்கிறார். மாத்திரை உண்டதும் பழைய நினைவுகள் திரும்புகின்றன. குளோண்டைக்கில் தாம் புதைத்து வைத்த தங்கம் நினைவுக்கு வருகிறது. டொனால்டையும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு புறப்படுகிறார். கூடவே இன்னொரு நினைவும் வருகிறது. கோல்டி என்ற பெண்ணின் நினைவு. அந்தக் காலத்தில் டாசன் நகரின் ஆட்டக் கூடத்தில் பாடியும் ஆடியும் புகழ் பெற்றவள் அவள். இளைஞராக இருந்த ஸ்குரூஜுக்குக் காப்பியில் மயக்க மருந்து கலந்து கொடுத்து, அவர் கண்டெடுத்த பெரிய தங்கக் கட்டியைத் திருடிக்கொண்டாள். அவர் கண் விழித்து வந்து அதை மீட்டதோடு நிற்கவில்லை. அவளைத் தம் சுரங்க நிலத்துக்குத் தூக்கிச் சென்று, உழைத்துச் சம்பாதிப்பது என்றால் என்னவென்று தெரியட்டும் என்று, கூலிக்கு மண் தோண்ட வைத்தார். சிறுவர்களுக்கு ஏற்றவை அல்ல என்று சொல்லி அந்தப் பழைய நிகழ்ச்சிப் பக்கங்களைப் பதிப்பகத்தார் அப்போது நீக்கிவிட்டார்கள். 1981இல் வெளிவந்த ஒரு தொகுப்பு நூலில்தான் அவை மீண்டும் இடம்பெற்றன.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகிவிட்டது. திரும்பிப் போய்ப் பார்த்தால், அவருடைய பழைய குடிசையில் ஒரு கிழவி, ஒரு கரடியைத் துணைக்கு வைத்துக்கொண்டு, துப்பாக்கியோடு காவல் இருக்கிறாள். அவள்தான் கோல்டி! பழைய கடனை வட்டிக்கு வட்டி சேர்த்துக் கேட்கிறார் ஸ்குரூஜ். அவளிடம் ஒன்றுமில்லை. தோல்வியை ஒப்புக்கொண்டு குடிசையை விட்டு வெளியேறத் தயாராகிறாள். பிள்ளைகள் மூவருக்கும் மனம் தாங்கவில்லை. மாமாவின் மேல் வெறுப்பே வருகிறது. வாசிக்கிற நமக்கும் அப்படித்தான்.

அப்போது ஸ்குரூஜ் ஒரு போட்டி வைக்கிறார். இந்த நிலத்தில் இருவரும் தோண்டுவோம். முதலில் தங்கம் காண்பவருக்கே எல்லாம் சொந்தம் என்கிறார். கோல்டி தோண்டுகிறாள். அவள் தோண்டிய இடத்தில், ஸ்குரூஜ் அக்காலத்தில் புதைத்து வைத்த தங்கம் அத்தனையும் கிடைத்துவிடுகிறது! ஸ்குரூஜ் குதிக்கிறார், கூச்சலிடுகிறார், மாத்திரை உண்ண மறந்துவிட்டேன், அதனால்தான் புதைத்த இடம் நினைவில்லாமல் போயிற்று என்று புலம்புகிறார். டொனால்ட் மட்டும் ஐயத்தோடு மாத்திரைகளை எண்ணிப் பார்க்கிறான். எண்ணிக்கை சரியாக இருக்கிறது. அன்றைய மாத்திரையை அவர் உண்டிருக்கிறார்! அப்படியானால் தங்கம் எங்கே இருந்தது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தே தோற்றிருக்கிறார்.

நேயர்களே, இந்த இடத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். அவர் அழவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. “நான் நல்லவன்” என்று ஒரு சொல் சொல்லவில்லை. வெளியே அவர் கருமியாகவே திரும்பிப் போகிறார். அவர் இரங்கினார் என்பதற்கு ஒரே சாட்சி, குறைந்துபோன ஒரு மாத்திரை. இன்னொன்றையும் கவனியுங்கள். “இந்தா, வைத்துக்கொள்” என்று அவர் பணத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் அது பிச்சையாகியிருக்கும். கோல்டி அதைத் தொட்டிருக்க மாட்டாள். தன் கையால் தோண்டி, தானே வென்றதாக அவள் தலை நிமிர்ந்து பெற்றுக்கொள்ளும்படி செய்தார். ஏழையாக இருந்து வளர்ந்தவனுக்குத்தான் வாங்குகிறவரின் மானம் தெரியும்.

டிக்கன்ஸின் ஸ்குரூஜ் ஒரே இரவில் மாறிவிட்டார். பார்க்ஸின் ஸ்குரூஜ் மாறவே இல்லை. அடுத்த கதையிலும் அவர் காசை எண்ணிக்கொண்டுதான் இருப்பார். நாம் வாழ்க்கையில் காணும் கடுமையான மனிதர்களும் பெரும்பாலும் இப்படிப்பட்டவர்களே. ஒரே இரவில் அவர்கள் மாறிவிடுவார்கள் என்று காத்திருந்தால் ஏமாந்துபோவோம். மாறாமலே அவர்களிடம் ஈரம் இருக்கக்கூடும். அதைக் காண நாம்தான் மாத்திரையை எண்ண வேண்டும்.

ஆனால் இங்கே ஒரு கேள்வி எழுகிறது. நெஞ்சில் ஈரம் இருந்துவிட்டால் செய்த கொடுமை நீங்கிவிடுமா? பழங்குடி மக்களின் நிலத்தைப் பறித்தாரே, அதற்கு என்ன கணக்கு? நேர்மையாகவே சம்பாதித்தேன் என்று சொல்பவரின் வரலாற்றில் அது எப்படி இடம்பெற்றது?

இந்தக் கேள்விக்கு விடை வர நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பார்க்ஸ் 1966இல் ஓய்வு பெற்றார். அவர் கதைகளைப் படித்து வளர்ந்த சிறுவன் ஒருவன், 1951இல் பிறந்த டான் ரோசா. கட்டுமானத் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்தவர், பொறியியல் படித்தவர். 1987இல் வாத்துக் கதைகளை எழுதி வரையத் தொடங்கினார். பார்க்ஸின் பழைய கதைகளில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடந்த குறிப்புகளையெல்லாம் ஆராய்ச்சியாளரைப் போலத் திரட்டினார். அவற்றைக் கொண்டு ஸ்குரூஜின் முழு வாழ்க்கை வரலாற்றைப் பன்னிரண்டு பகுதிகளாக எழுதினார். அது 1992 முதல் 1994 வரை டென்மார்க் நாட்டில் முதலில் வெளிவந்தது. 1995இல் படக்கதைகளுக்கு வழங்கப்படும் ஐஸ்னர் விருதையும் பெற்றது.

அதன் முதல் பகுதியில் ஸ்குரூஜ் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் ஏழைச் சிறுவன். பத்து வயதில் தெருவில் உட்கார்ந்து காலணி துடைக்கிறான். முதலில் வந்தவர் பள்ளம் தோண்டும் ஒரு தொழிலாளி. அவர் காலணியில் சேறு கல்லாக இறுகியிருக்கிறது. பையன் உயிரைக் கொடுத்துத் துடைக்கிறான். கூலியாகக் கிடைத்தது அமெரிக்கப் பத்து சென் நாணயம். அந்த ஊரில் அது செல்லாது! உலகம் ஏமாற்றும், இனி நான் ஏமாறமாட்டேன் என்று அன்று அவன் உறுதி எடுக்கிறான். அந்த நாணயத்தைக் கடைசிவரை செலவழிக்கவே இல்லை. அதை அந்தத் தொழிலாளியிடம் கொடுத்தனுப்பியவர் பையனுடைய தந்தையே என்பது நமக்குத் தெரியவருகிறது. மகன் விழித்துக்கொள்ள வேண்டும் என்று ஏழைத் தகப்பன் கற்பித்த பாடம் அது. பாடம் பலித்தது. தேவைக்கு அதிகமாகவே பலித்துவிட்டது.

குளோண்டைக்கில் இருக்கும்போது அவருக்கு ஊரிலிருந்து கடிதம் வருகிறது. தாயார் இறந்துவிட்டார் என்ற செய்தி. பகைவன் ஒருவன் அந்தக் கடிதத்தைப் பறித்து, எல்லார் முன்னிலையிலும் ஏளனமாகப் படிக்கிறான். கப்பலேறி வந்து, பெற்றவள் மறைந்த செய்தியைக் கடிதத்தில் அறிந்த பாட்டன் பாட்டிமார் நம் குடும்பங்களிலும் உண்டு. அந்தக் காகிதத்தின் பாரம் எத்தகையது என்று நமக்கு விளக்க வேண்டியதில்லை.

பதினோராவது பகுதியில்தான் ரோசா அந்தப் பழைய கொடுமைக்கு வருகிறார். 1949இன் கதையை அவர் ஒளிக்கவில்லை, ஒதுக்கவும் இல்லை. ஸ்குரூஜ் நேர்மை தவறிய இடம் அதுவே என்று வைத்தார். அண்ணன் அப்பாவி மக்களின் ஊரை அழித்ததைக் கண்டு, கூட இருந்த தங்கைகள் இருவரும் அதிர்ந்துபோகிறார்கள். ஆனால் ஸ்குரூஜ் நிற்கவில்லை. மேலும் மேலும் பணம் தேடி உலகைச் சுற்றுகிறார். ஆண்டுகள் கழித்து, 1930இல், வீடு திரும்புகிறார். தங்கைகள் குடும்பத்தோடு கூடி அவரை வரவேற்கக் காத்திருக்கிறார்கள். அவரோ அவர்களை ஏறிட்டும் பார்க்கவில்லை. தங்கைகள் மனம் உடைந்து வெளியேறுகிறார்கள். சிறுவனான டொனால்ட் மட்டும் மாமாவை ஓங்கி உதைத்துவிட்டுப் போகிறான்! ஓடிப்போய் அவர்களைத் தடுக்க வேண்டும் என்று ஒரு கணம் ஸ்குரூஜுக்குத் தோன்றுகிறது. அந்த நேரத்தில் உலகிலேயே பெரிய பணக்காரர் அவர்தாம் என்ற செய்தி வந்து சேர்கிறது. அவர் நின்றுவிடுகிறார். அதன்பின் பதினேழு ஆண்டுகள் தனிமை. 1947இல் கரடி மலைக்கு மருமகனை அழைக்கும்வரை உறவு என்று யாருமே இல்லை.

இப்போது அந்த முதல் கதையை மறுபடியும் படித்தால் அது வேறு கதையாகத் தெரிகிறது. கரடி வேடம் போட்டு மருமகனைச் சோதிக்க வந்தவர், பதினேழு ஆண்டுகளாகப் பேசாதிருந்த குடும்பத்தோடு மீண்டும் பேச வழி தெரியாமல் தவித்த கிழவர்!

ஆகவே இந்த வரலாறு நமக்கு இரண்டு செய்திகளைச் சேர்த்தே சொல்கிறது. கடுமையானவன் என்று நாம் ஒதுக்கும் மனிதனுக்குள்ளும் ஈரம் இருக்கலாம். அவன் கடுமைக்குப் பின்னால் ஒரு செல்லாக் காசு இருக்கலாம். அதே சமயத்தில், உள்ளே ஈரம் இருப்பதால் மட்டும் வெளியே செய்த தீங்கு அழிந்துவிடாது. அதற்கு விலை உண்டு. பெரும்பாலும் அந்த விலையை வீட்டில் உள்ளவர்களும் சேர்ந்தே கொடுக்கிறார்கள். முதல் செய்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் அது கொடியவனுக்குச் சாக்காகிவிடும். இரண்டாவதை மட்டும் எடுத்துக்கொண்டால் நம் நெஞ்சு கல்லாகிவிடும். இரண்டையும் ஒரே கதைக்குள் பிடித்து நிறுத்தியதே இந்த ஓவியர்களின் பெருமை.

பிள்ளைகளுக்கு ஒரு சொல். உங்கள் தந்தையோ தாத்தாவோ கடுமையாகப் பேசுகிறவராக இருந்தால், ஒரு நாள் அருகில் உட்கார்ந்து, “நீங்கள் முதன்முதலில் வாங்கிய சம்பளம் எவ்வளவு? அதை என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வியில் ஒரு வாழ்க்கை வரலாறே வெளிவரக்கூடும்.

பெரியவர்களுக்கும் ஒரு சொல். ஸ்குரூஜ் தம் அன்பை யாரும் காணாதபடி ஒளித்து வைத்தார். படக்கதையில் மாத்திரைகளை எண்ணிப் பார்க்க ஒரு டொனால்ட் இருந்தான். நம் வீட்டில் எண்ணிப் பார்க்கப் பிள்ளைகளுக்கு நேரம் இருக்குமா? குடும்பத்துக்காகத்தானே இப்படிப் பாடுபடுகிறேன் என்று நாம் மனத்துக்குள் சொல்லிக்கொள்வது அவர்கள் காதில் விழாது. வாய் திறந்து ஓர் அன்பான சொல் சொல்வதற்குக் காசு செலவில்லை.

கார்ல் பார்க்ஸ் 2000ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், தம் தொண்ணூற்றொன்பதாம் வயதில், பிறந்த மாநிலமான ஓரிகனிலேயே காலமானார். பெயரில்லாத கூலி ஓவியராக இருந்தவரின் பெயரை இன்று உலகம் அறியும். மரம் வெட்டியும் கழுதை ஓட்டியும் காய்த்துப்போன கை அது. காய்ப்புக்குக் கீழே மென்மை இருக்கும் என்பது அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

அடுத்த முறை உங்கள் பிள்ளை பாடப் புத்தகத்துக்குள் படக்கதையை ஒளித்து வைத்திருப்பதைக் கண்டால், காதைத் திருகுவதற்கு முன் ஒரு பக்கமாவது வாங்கிப் படித்துப் பாருங்கள். பாடத்தை முடித்த பிறகு படிக்கச் சொல்லுங்கள். முடிந்தால் சேர்ந்தே படியுங்கள்.